அரிசி ஆலைக்கு 12 கமரா: எந்த பிஓஇ சுவிட்ச் எடுப்பது?

சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டது இது. ஆலைக்கு 12 ஐபி கமரா (நெட்வேர்க் கேபிளில் ஓடும் கமரா) பூட்டப் போகிறார். ஆலைக் கட்டடத்திலும் நெல் களத்தைச் சுற்றியும் பத்து, ரோட்டோரக் கேட்டில் இரண்டு. கேட்டில் வருவதில் ஒன்று சுழலும் பிடிஇசட். ஒபீஸ் அறையிலிருந்து கேட்டுக்குக் கேபிள் போகும் தூரம் சுமார் 170 மீற்றர். ஒரு கடையில் 16 போர்ட் பிஓஇ சுவிட்ச் (கமராக் கேபிள்களை ஒன்று சேர்த்து, அதே கேபிளில் கரண்ட்டும் கொடுக்கும் பெட்டி) ஒன்றைக் காட்டி, "பன்னிரண்டுக்கும் இது தாராளம், கேட்டுக்கு எக்ஸ்டென்ட் பட்டனைத் தட்டினால் சரி" என்றிருக்கிறார்கள். அதன் லேபிளில் மொத்தம் 120 வாட் என்று இருக்கிறது. இன்னொரு கடையில் 230 வாட் 16 போர்ட் சுவிட்ச் ஒன்றைச் சொல்கிறார்கள், விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த சுவிட்ச்சே உங்களுக்குப் போதும். ஆனால் பன்னிரண்டு கமராவையும் அதில் மாட்டக் கூடாது. மிச்சம் பிடிக்கும் காசைக் கேட்டுக்கு பைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) இழுக்கவும், அங்கே ஒரு சின்ன 4 போர்ட் சுவிட்ச் வைக்கவும் செலவழியுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் நீளமான கதை, பொறுமையாக வாசியுங்கள். கடையில் நாலு கேள்வி கேட்க உதவும்.

இரண்டு சுவிட்ச்சிலும் போர்ட் 16தான். விலை பிரிகிற இடம் வாட். பிஓஇ என்றால் நெட்வேர்க் கேபிளிலேயே கமராவுக்குக் கரண்டும் போகிறது. 802.3ஏஎஃப் என்ற தரத்தில் (2003இல் வந்தது) ஒரு போர்ட் 15.4 வாட் வரை கொடுக்கும். 2009இல் வந்த ஏடி தரத்தில் 30 வாட். 2018இல் வந்த பிடி அதற்கும் மேலே, உங்களுக்கு அது தேவையில்லை. இது ஒரு போர்ட்டின் உச்சம். எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து சுவிட்ச் மொத்தமாக எவ்வளவு கொடுக்கும் என்பது வேறு கணக்கு, அதைத்தான் பிஓஇ பட்ஜெட் என்கிறோம். 16 போர்ட்டும் தலா 15.4 வாட் கொடுக்க வேண்டுமென்றால் 246 வாட் வேண்டும். 120 வாட் சுவிட்ச்சில் அதில் பாதிகூட இல்லை. அதனால் அது மோசமான சுவிட்ச் என்று ஆகிவிடாது, ஏனென்றால் எந்தச் சாதாரண கமராவும் 15 வாட் இழுப்பதில்லை. உங்கள் கமராக்கள் எவ்வளவு இழுக்கின்றன என்று கூட்டிப் பார்க்காமல் வாங்குவதில்தான் ஆபத்து.

கூட்டும்போது இரவுக் கணக்கைக் கூட்டுங்கள். இதைத்தான் பலர் விடுகிறார்கள். பகலில் ஒரு 4 மெகாபிக்சல் புல்லட் கமரா (குழாய் வடிவில் வரும் சாதாரண கமரா) 3, 4 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். நம்ம பக்கம் ஆறு, ஆறரைக்கு இருட்டிவிடும். அப்போது கமராவுக்குக் கீழே நின்று கேட்டால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், உள்ளே இருக்கும் பில்டர் விலகுகிற சத்தம். அதோடு இருட்டில் படம் பிடிக்க உதவும் ஐஆர் லைட் எரியும், இழுவை 6, 7 வாட்டுக்கு ஏறும். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால், எல்லாம் ஒரே நேரத்தில் ஏறும்போது மொத்தம் அதைத் தாண்டிவிடும். உடனே சுவிட்ச் முன்னுரிமை குறைந்த ஒரு போர்ட்டை வெட்டும். அந்தக் கமரா அணைந்ததும் பட்ஜெட்டில் இடம் வருகிறது, சுவிட்ச் திரும்பக் கரண்ட் கொடுக்கிறது, கமரா எழும்பி ஐஆரைப் போடுகிறது, மறுபடி வெட்டு. காலையில் ரெக்கோர்டிங்கைத் திறந்தால் கொஞ்ச நேரம் படம், கொஞ்ச நேரம் கறுப்பு, விடியும் வரை இப்படியே. பகலில் போய்ப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கமரா பழுதென்று நினைத்துப் புதுக் கமரா பூட்டுவார்கள், அதுவும் அதையே செய்யும். நெல் மூட்டை களவு போகிற நேரத்தில் கமரா கண்ணை மூடிக்கொண்டால் பூட்டி என்ன பயன்?

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ஆலையில் வரும் பத்தில் ஒன்பது சாதாரண புல்லட், டேட்டா ஷீட்டில் உச்சம் 7 வாட். அது 63. களத்தின் கோடியைப் பார்க்கப் போகும் நீண்ட தூர ஐஆர் கமரா 12 வாட். ஆக 75. கேட்டில் ஒரு புல்லட் 7, பிடிஇசட் 22, ஆக 29. பன்னிரண்டும் சேர்ந்து 104 வாட். கேபிளில் போகும் இழப்புக்கும், நாளைக்கு ஒரு கமரா கூட்டுவதற்கும் கால் பங்கு மேலே வைக்க வேண்டும். அப்படி வைத்தால் 130. 120 வாட் சுவிட்ச் அங்கே தோற்கிறது. கேட்டைத் தனியாகப் பிரித்துவிட்டால் ஆலைக்கு 75, கால் பங்கு சேர்த்து 94. இப்போது அதே 120 வாட் வசதியாகப் போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சில சுவிட்ச்கள் கமரா உண்மையில் இழுக்கும் வாட்டைப் பார்த்துப் பட்ஜெட்டில் கழிக்கும். சில, கமராவின் கிளாஸை (எத்தனை வாட் வரை இழுக்கும் என்று கமரா சொல்லும் வகை) பார்த்து உச்ச அளவை ஒதுக்கி வைத்துவிடும். 7 வாட் கமரா கிளாஸ் 3இல் வரும், அதற்கு 15.4 வாட் ஒதுக்குவார்கள். அந்த முறையில் 120 வாட் சுவிட்ச் ஏழு கமராவுக்குத்தான் கரண்ட் கொடுக்கும், எட்டாவதை மாட்டினால் போர்ட் லைட்டே எரியாது. மேனேஜ்ட் சுவிட்ச் என்றால் இந்த முறையை செட்டிங்கில் மாற்றலாம். உங்களுக்குச் சொன்னது சாதாரண சுவிட்ச் என்பதால் வாங்கும்போதே கேளுங்கள். தெரியாது என்றால், பத்துக் கமராவையும் மாட்டிப் பார்த்து எரியாவிட்டால் திருப்பி எடுப்பதாக பில்லில் எழுதி வாங்குங்கள்.

லேபிளையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வெளி அடாப்டரோடு வரும் சின்ன சுவிட்ச்களில் உண்மை அடாப்டரில் இருக்கும். அவுட்புட் என்று எழுதியிருக்கும் இடத்தில் வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்குங்கள். 52 வோல்ட், 1.25 அம்பியர் என்றால் 65 வாட். பெட்டியில் 120 என்று போட்டிருந்தாலும் 65க்கு மேல் ஒரு வாட்கூட வராது, அதிலும் சுவிட்ச் தன் தேவைக்கு நாலைந்து வாட் எடுத்துக்கொள்ளும். கேட்டுக்கு வாங்கும் 4 போர்ட் சுவிட்ச்சுக்கு இந்தச் சோதனை கட்டாயம். அங்கே 29 வாட் தேவை, அதில் பிடிஇசட் மட்டும் 22. ஆகவே 60 வாட் பட்ஜெட், ஏடி தரம். ஏஎஃப் மட்டும் உள்ள சுவிட்ச்சில் பிடிஇசட் பகலில் எழும்பிவிடும், இரவில் சுழலும்போது விழும்.

இன்னொரு வகையும் விற்கிறது, பாசிவ் பிஓஇ. அதை எடுக்கவே வேண்டாம். ஒழுங்கான ஏஎஃப், ஏடி சுவிட்ச் முதலில் சின்ன வோல்டேஜ் ஒன்றை அனுப்பி, மறுமுனையில் 25 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் தெரிகிறதா என்று பார்க்கும். தெரிந்தால்தான் முழுக் கரண்ட். லெப்டொப்பை மாட்டினாலும் ஒன்றும் ஆகாது. பாசிவ் அப்படி ஒன்றும் கேட்காது, எதை மாட்டினாலும் 24 அல்லது 48 வோல்ட்டைத் தள்ளும். கணக்குப் பார்க்கும் கம்பியூட்டரின் போர்ட் எரிய அது போதும். சோதிக்க மல்டிமீற்றர் ஒன்றிருந்தால் சரி. ஒன்றும் மாட்டாத போர்ட்டிலிருந்து வரும் கேபிளில் 4, 5 வயருக்கும் 7, 8 வயருக்கும் இடையில் அளந்தால் பாசிவ் சுவிட்ச் நிலையான வோல்டேஜ் காட்டும். தரமான சுவிட்ச்சில் அப்படி நிற்காது.

வேகத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள், உண்மையில் இது சின்ன விஷயம். 4 மெகாபிக்சல் கமரா எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் நொடிக்கு 4 மெகாபிட் அளவில் அனுப்பும், பிடிஇசட்டுக்கு 8 வைத்துக்கொள்வோம். ஒரு கமராவுக்கு 100 மெகாபிட் போர்ட் தாராளம். ஆனால் எல்லாம் ஒன்று சேர்ந்து என்விஆருக்கு (படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) போகும் அந்த ஒரு போர்ட், அதாவது அப்லிங்க், கிகாபிட்டாக இருக்க வேண்டும். பதினொன்று 4 மெகாபிட், ஒன்று 8, ஆக 52. சராசரி அவ்வளவுதான் என்றாலும் கமராக்கள் ஒரே சீராக அனுப்புவதில்லை, முழுப் படம் போகும் நொடியில் ஒன்றாகக் குவியும். 100 மெகாபிட் அப்லிங்க் என்றால் அந்த நொடியில் படம் கட்டம் கட்டமாக உடையும். நீங்கள் சொல்லும் வகை 16 போர்ட் சுவிட்ச்களில் பெரும்பாலும் 16 போர்ட் 100 மெகாபிட், கூடவே இரண்டு கிகாபிட் அப்லிங்க், அதில் ஒன்றில் எஸ்எஃப்பி என்ற பைபர் ஓட்டையும் இருக்கும். அந்த ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், கேட்டுக்கு அதுதான் வழி.

இனி கேட். எக்ஸ்டென்ட் பட்டன் பொய் இல்லை. நெட்வேர்க் கேபிளின் எல்லை 100 மீற்றர். எக்ஸ்டென்ட் மோட் வேகத்தை 10 மெகாபிட்டுக்குக் குறைத்து 250 மீற்றர் வரை தள்ளும். ஒற்றைப் புல்லட் கமராவுக்கு அது ஓடும். ஆனால் பட்டன் டேட்டாவுக்குத்தான் உதவும், கரண்ட்டுக்கு உதவாது. நல்ல செம்புக் கேபிளில், கரண்ட் போய்த் திரும்பும் பாதையின் ரெசிஸ்டன்ஸ் 170 மீற்றருக்கு சுமார் 15 ஓம். பிடிஇசட் 22 வாட் இழுக்கும்போது அரை அம்பியர் அளவு ஓடும். அப்போது வழியிலேயே 7.5 வோல்ட் போய்விடும். 48 வோல்ட்டில் புறப்பட்டால் கமராவுக்கு 40.5தான் சேரும். ஏடி தரப்படி கமராவுக்குக் கிடைக்க வேண்டிய குறைந்த அளவு 42.5. அதுவும் நல்ல செம்பு என்றால்.

செம்பு என்றதும் கேபிளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சுவிட்ச்சுக்கு இரண்டு நாள் விலை விசாரிப்பார்கள், கேபிளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். மலிவான பெட்டிகளில் பெரும்பாலானவை சிசிஏ, அதாவது அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. அதன் ரெசிஸ்டன்ஸ் செம்பை விட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒரு வயரை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் சிசிஏ. பெட்டியைத் தூக்கினாலே தெரியும், 305 மீற்றர் செம்புப் பெட்டி நல்ல பாரம். சிசிஏ வளைத்தால் முறியும், உப்புக் காத்தில் கனெக்டர் முனை சீக்கிரம் போகும். கல்முனை, காத்தான்குடி போன்ற கரையோர ஊர்களில் வருடம் ஒன்று தாண்டுவதற்குள் பச்சை பூத்த கனெக்டர்களைக் கழற்றாத டெக்னீஷியன் இருக்க மாட்டார். நீங்கள் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே என்றாலும் முழுச் செம்பு கெட் 6 வகை நெட்வேர்க் கேபிள் எடுங்கள். சுவிட்ச்சில் சேமித்ததை இங்கே போட்டால் வீண் போகாது.

பைபரைச் சொல்ல இன்னொரு காரணம் இடி. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வரும் இடிமழையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 170 மீற்றர் செம்பு வயர் திறந்த வெளியில் போனால், பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே அந்த வயரில் வோல்டேஜ் தூக்கிவிடும். அது நேரே சுவிட்ச்சுக்கு வந்து என்விஆரையும் சேர்த்துக் கொண்டுபோகும். பைபர் கண்ணாடி, அதில் கரண்ட் ஏறாது. கேட்டில் உள்ளது எரிந்தாலும் ஒபீஸில் உள்ளது தப்பும். வீடுகளுக்கு இன்டர்நெட் இழுக்கும் அதே டிரொப் கேபிள் போதும். அதில் தாங்குவதற்கு ஓர் இரும்புக் கம்பி வரும், அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள், பெட்டிக்குள் கொண்டுவர வேண்டாம். இரண்டு முனைக்கும் எஸ்எஃப்பி ஓட்டையில் சொருகும் கிகாபிட் சிங்கிள் மோட் மொடியூல் சோடியாக வாங்குங்கள். ஒற்றை இழையில் ஓடும் வகை என்றால் ஒன்று 1310 நனோமீற்றர் ஒளியில் அனுப்பும், மற்றது 1550இல். இரண்டும் ஒரே வகையாக வாங்கி வந்தால் லிங்க் வராது. கேட் சுவிட்ச்சில் எஸ்எஃப்பி ஓட்டை இல்லாவிட்டால் பைபரைச் சாதாரண நெட்வேர்க் கேபிளுக்கு மாற்றித் தரும் ஒரு கிகாபிட் மீடியா கொன்வேட்டர் வைக்கலாம்.

சுவிட்ச் பெட்டியில் '6 கேவி சேர்ஜ் பாதுகாப்பு' என்று எழுதியிருக்கும். திடீரென ஏறி வரும் வோல்டேஜைத்தான் சேர்ஜ் என்கிறார்கள். எர்த் சரியாக இருந்தால்தான் அதற்குப் பொருள். வந்த சேர்ஜ் போக நிலத்துக்கு வழி வேண்டும். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் சொருகினால் அந்த வழியை நீங்களே அடைத்ததாகிவிடும். சுவிட்ச்சின் பின்பக்கம் எர்த் குறி போட்ட சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு பச்சை வயரை ஆலையின் எர்த்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பூட்டுபவர்கள் பெரும்பாலும் அந்த ஸ்க்ரூவைத் தொடுவதே இல்லை.

ஆலை என்பதால் சில விஷயங்கள் உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டும். பெரிய மோட்டர் ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஆலைக்குள் வோல்டேஜ் இறங்கும், பல்ப் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரம் சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆனால் எல்லாக் கமராவும் சேர்ந்து ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும். ஆகவே சுவிட்ச்சும் என்விஆரும் யூபிஎஸ்ஸிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒபீஸ்களில் வைக்கும் 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு 12 வோல்ட் 7 அம்பியர் மணி பெட்டரி, கணக்குக்கு 84 வாட் மணி. சுவிட்ச், என்விஆர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து இரவில் 100 வாட் தாண்டும். பெட்டரி புதிதாக இருந்தாலும் அரை மணித்தியாலம் கிடைப்பதே பெரிது. கரண்ட் போனால் அதற்கு மேலும் கமரா ஓட வேண்டுமென்றால் பெரிய பெட்டரியோடு இன்வேட்டர் பாருங்கள். கேட்டிலும் ஒரு சின்ன யூபிஎஸ் வேண்டும், அதை மறந்துவிட்டால் கரண்ட் போன இரவில் உள்ளே எல்லாம் தெரியும், யார் கேட் வழியாக வந்தார்கள் என்பது தெரியாது.

சுவிட்ச்சை ஆலைக்குள் தொங்கவிட வேண்டாம். தவிட்டுத் தூசு எதற்குள்ளும் போகும். விசிறி உள்ள சுவிட்ச் அந்தத் தூசைத் தானே உள்ளே இழுத்து நிரப்பிக்கொள்ளும். ஒபீஸ் அறையில், நிலத்திலிருந்து உயரமாக, காற்றோட்டம் உள்ள சுவர்ப் பெட்டியில் வையுங்கள். சாதாரண சுவிட்ச்கள் 40 பாகை வரைக்குத்தான் எழுதப்பட்டவை. மே மாதப் பின்னேரம் வெளியிலேயே 35ஐத் தொடும். தகரக் கூரைக்குக் கீழே பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் 50ஐத் தாண்டிவிடும். கேட்டில் அதனால்தான் காவலாளி அறைக்குள், வெயில் படாத சுவரில் வைக்க வேண்டும். வெளிக் கம்பத்தில்தான் வைக்க வேண்டும் என்றால் அங்கே மட்டும் 75 பாகை தாங்கும் இன்டஸ்ட்ரியல் சுவிட்ச் எடுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. கமரா கேபிளை மூன்று பேஸ் மோட்டர் வயரோடு ஒரே பைப்பில் போடவும் விடாதீர்கள்.

என்விஆரிலேயே பிஓஇ போர்ட் வருகிறதே, அது போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டுக்கு, கடைக்கு அது நல்ல தெரிவு. மாட்டினால் கமராவைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். உங்கள் இடத்துக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாக் கேபிளும் என்விஆர் வரை போக வேண்டும், என்விஆரை மறைவான அறையில் பூட்டி வைக்கும் வசதி போய்விடும். தனி சுவிட்ச் என்றால் சுவிட்ச் ஓரிடத்தில், ஒற்றைக் கேபிளில் என்விஆர் வேறிடத்தில். களவெடுக்க வருபவர் முதலில் தேடுவது என்விஆர் பெட்டியைத்தான்.

ஆலையின் கணக்குக் கம்பியூட்டரும் இதே நெட்வேர்க்கில் இருந்தால் ஒரு சொல். 2016இல் மிராய் என்ற வைரஸ், பாஸ்வேர்ட் மாற்றாத கமராக்களையும் ரெக்கோர்டர்களையும் உலகம் முழுக்கப் பிடித்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. பெட்டியில் வந்த பாஸ்வேர்ட்டை முதல் நாளே மாற்றுங்கள். மேனேஜ்ட் சுவிட்ச் எடுக்கக் காசு இருந்தால் கமராக்களைத் தனி வீலானில் (ஒரே சுவிட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வேர்க்) போடலாம், நின்றுபோன கமராவைப் போனிலிருந்தே ஓஃப் பண்ணி ஓன் பண்ணலாம். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஆலை ஓடும். பைபரையும் எர்த்தையும் குறைத்து இதை வாங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பூட்டி முடிக்கும் அன்று பின்னேரம் நாலு மணிக்கே டெக்னீஷியன் போகக் கேட்பார். தேத்தண்ணி கொடுத்து ஏழு மணி வரை இருக்கச் சொல்லுங்கள். எல்லா ஐஆரும் எரிய, பிடிஇசட்டை ஒரு சுற்று சுழற்றி, ஆலையின் பெரிய மோட்டரை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, என்விஆர் திரையில் பன்னிரண்டு படமும் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு யூபிஎஸ்ஸின் பிளக்கைக் கழற்றி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று எழுதி வையுங்கள். அதற்கப்புறம் மீதிக் காசைக் கொடுங்கள்.